குறைந்த வெளிச்சம் போதும்: மீன் தொட்டிக்கு முதல் செடிகள்

தண்ணீருக்கடியில் வளரும் செடிக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்பதை அது பிறந்த இடமே தீர்மானிக்கிறது. மேற்கு ஆப்பிரிக்க மழைக்காட்டு ஓடைகளில் பாறையைப் பற்றிக்கொண்டு வளரும் அனுபியாஸ், மரநிழலிலேயே பழகிய செடி. இலங்கையின் காட்டோடைகளில் வளரும் கிரிப்டோகோரைன் வெண்டியும் அப்படித்தான். சிவப்பு இலைகளால் கண்ணைப் பறிக்கும் ரொட்டாலா மக்ராண்ட்ராவின் சொந்த ஊர் தென்னிந்தியா. ஆனாலும் அதற்கு நல்ல வெளிச்சமும் கரியமில வாயுவும் வேண்டும். இல்லாவிட்டால் சில வாரங்களில் கீழ் இலைகளை உதிர்த்து நிற்கும். ஆகவே செடி எந்த நாட்டைச் சேர்ந்தது என்பதைவிட, அது வெயிலில் வளர்ந்ததா நிழலில் வளர்ந்ததா என்பதே முதலில் தெரிய வேண்டியது.

கன்னியாகுமரி மாவட்டத்தின் இரணியல், தக்கலை, திங்கள்சந்தை வட்டாரத்து வீடுகளுக்கு இது நேரடியாகப் பொருந்தும். தென்னையும் பலாவும் சூழ்ந்த தோட்டம், தாழ இறங்கிய ஓட்டுக்கூரை, மழைக்காகச் சிறிதாக வைத்த சன்னல். இந்த அமைப்பில் பகலிலும் அறைக்குள் விளக்குப் போட வேண்டியிருக்கிறது. அப்படிப்பட்ட அறையில் செடித் தொட்டி வைக்க முடியாது என்று பலர் நினைத்து, பிளாஸ்டிக் செடியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அது தேவையில்லாத விட்டுக்கொடுப்பு. சன்னலோரம் வெயில் படும் தொட்டியில்தான் பச்சைப்பாசி பிடித்துத் தண்ணீர் குழம்பும். இருண்ட அறையில் வெளிச்சத்தின் அளவும் நேரமும் வளர்ப்பவர் கையில் இருக்கின்றன.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டியில் ஏறக்குறைய 55 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். மணலும் கல்லும் போட்டு, மேலே விளிம்பு விட்டால் 45 லிட்டர் மிஞ்சும். இதற்கு 8 முதல் 10 வாட் வெள்ளை எல்.இ.டி. விளக்கு ஒன்று, நாளுக்கு 6 முதல் 8 மணி நேரம் எரிந்தால் நிழல்செடிகளுக்குப் போதும். விளக்கை டைமர் பிளக்கில் மாட்டிவிடுவது நல்லது. ஒருநாள் 4 மணி நேரம், மறுநாள் 12 மணி நேரம் என்று எரிந்தால் பாசிக்குத்தான் கொண்டாட்டம்.

கிணற்றுத் தண்ணீர் சொல்லும் சேதி

வெளிச்சத்துக்கு அடுத்தது தண்ணீர். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதி செம்புரைக்கல்லும் செம்மண்ணும் நிறைந்த நிலம். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமுறை நனைப்பதால், மண்ணிலிருந்த சுண்ணாம்புச் சத்து காலங்காலமாகக் கரைந்து போய்விட்டது. இத்தகைய நிலத்துக் கிணறுகளில் தண்ணீர் பெரும்பாலும் மென்னீர். சோப்பு எளிதில் நுரைக்கும். சற்றே அமிலத்தன்மையும் இருக்கும். கடலோரம் மணவாளக்குறிச்சி, குளச்சல் பக்கம் போனால் இந்தக் கணக்கு மாறலாம். அங்கே சில கிணறுகளில் உப்பு கலந்திருக்கும். அக்வாரியக் கடைகளில் கிடைக்கும் சோதனைத் தாளை ஒருமுறை நனைத்துப் பார்த்துவிட்டால் ஐயம் தீர்ந்துவிடும்.

மென்மையும் புளிப்பும் செடி வளர்ப்பில் குறையல்ல. பல செடிகளுக்கு அதுவே வாய்ப்பு. தண்ணீருக்குள் கரியமில வாயு, காற்றில் பரவுவதைவிடப் பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. நீர்ச்செடிகள் வெளிச்சத்துக்கு ஏங்குவதைவிட இந்த வாயுவுக்கு ஏங்குவதே அதிகம். இதில் செடிகள் இரண்டு விதம். வேலம்பாசி, வாலிஸ்னேரியா போன்றவை வாயு குறைந்தால் தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டிலிருந்தும் கரியை எடுத்துக்கொள்ளும். கிரிப்டோகோரைன், ஜாவா ஃபெர்ன், மாஸ் போன்றவற்றுக்கு அந்தத் திறன் இல்லை. அவற்றுக்கு வாயுவாகவே வேண்டும். அமிலத் தண்ணீரில் கரி பெரும்பாலும் வாயுவாகவே இருக்கிறது, பைகார்பனேட் குறைவு. எனவே செம்மண் நிலத்துக் கிணற்றுத் தண்ணீரில் கிரிப்டோகோரைனும் ஜாவா ஃபெர்னும் மகிழ்ச்சியாக வளரும். வாலிஸ்னேரியா திணறும். நண்பர் வீட்டுத் தொட்டியில் செழித்த செடி நம் வீட்டில் கரைந்து போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

மீனுக்கும் இதே தண்ணீர்தானே? மோலியும் கப்பியும் கடின நீரை விரும்புபவை. மென்னீரில் சோர்ந்து போகும். ஃபைட்டர் மீனுக்கும் சிறு பார்ப் மீன்களுக்கும் இந்தத் தண்ணீர் ஒத்துவரும். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் நீங்க ஒருநாள் திறந்து வைக்க வேண்டும். கிணற்றுத் தண்ணீரையும் ஒரு வாளியில் ஒரு நாள் வைத்து ஊற்றுவது நல்லது. ஆழத்திலிருந்து வரும் தண்ணீரில் உயிர்வளி குறைவாக இருக்கும்.

நம்பிக்கையான முதல் செடிகள்

அனுபியாஸ், அதிலும் நானா எனப்படும் குட்டை வகை, புதியவருக்கு ஏற்ற முதல் செடி. தடித்த, கரும்பச்சை இலை. ஒரு புது இலை விரிய மூன்று வாரமும் ஆகலாம். அந்த மந்தமே அதன் பலம். மெதுவாக வளரும் செடிக்கு வெளிச்சமும் உரமும் குறைவாகப் போதும். இதை வாங்குபவர்கள் செய்யும் ஒரே பெரிய தவறு, மணலில் புதைப்பது. இலைகளும் வேர்களும் புறப்படும் தடித்த மட்டத்தண்டு மண்ணுக்குள் போனால் அழுகிவிடும். கருங்கல்லிலோ, நன்றாக ஊறவைத்த மரக்கட்டையிலோ கறுப்புத் தையல் நூலால் கட்டிவிட வேண்டும். ஃபெவிக்விக் ஒரு சொட்டு வைத்து ஒட்டினாலும் கேடில்லை. நீர் பட்டதும் இறுகிப்போகும் அந்தப் பசை மீனைப் பாதிப்பதில்லை. சில மாதங்களில் வேர் தானே கல்லைப் பற்றிக்கொள்ளும்.

ஜாவா ஃபெர்னும் கல்லில் கட்ட வேண்டிய செடிதான். பெயரில் ஜாவா இருந்தாலும் இந்தியாவின் வடகிழக்கு மாநிலங்கள் முதல் தென்கிழக்காசியா வரை ஓடைப் பாறைகளில் வளரும் பெரணி இது. பழைய இலையின் அடிப்பக்கத்தில் வரிசையாகக் கரும்பழுப்புப் புள்ளிகள் தோன்றும். நோய் என்று பயந்து இலையை வெட்டிவிடுகிறவர்கள் உண்டு. அவை வித்துப் பைகள். இலை நுனியிலும் விளிம்பிலும் குட்டிச் செடிகள் முளைக்கும். இரண்டு மூன்று இலை வந்ததும் கிள்ளி வேறொரு கல்லில் கட்டலாம். ஒரு செடி வாங்கியவர் ஒரு வருடத்தில் அண்டை வீடுகளுக்கும் கொடுக்கலாம். நம் வீடுகளில் அதிகம் வளர்க்கப்படும் கோல்டு ஃபிஷ், மென்மையான எந்தச் செடியையும் ஒரே வாரத்தில் மேய்ந்துவிடும். ஆனால் தோல்போன்ற இலையுடைய ஜாவா ஃபெர்னையும் அனுபியாஸையும் பெரும்பாலும் விட்டுவைக்கும். கோல்டு ஃபிஷ் இருப்பதால் செடி வைக்க முடியாது என்று ஒதுங்கியவர்கள் இந்த இரண்டையும் தயங்காமல் வாங்கலாம்.

கிரிப்டோகோரைன் இனத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். காரணம், தமிழ் மண்ணோடு அதற்கு உள்ள உறவு. இந்த இனத்தில் அறிவியல் பெயர் பெற்ற முதல் செடி கிரிப்டோகோரைன் ஸ்பைராலிஸ். ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் ரெட்சியஸ் 1779-இல் அதை வேறொரு பேரினத்தில் வைத்து விவரித்தார். தரங்கம்பாடி டேனிஷ் மிஷனில் மருத்துவராக இருந்த கோனிக், தென்னிந்தியச் செடிகளைச் சேகரித்து ரெட்சியஸுக்கு அனுப்பிவந்த காலம் அது. தென்னிந்தியாவின் ஓடைக்கரைகளிலும் நெல்வயல்களிலும் வளரும் இச்செடி, தண்ணீர் வற்றினால் இலையை இழந்து, மண்ணுக்குள் தண்டை மட்டும் காப்பாற்றி, அடுத்த மழைக்குத் திரும்ப முளைக்கும். இதன் கிழங்கு நாட்டு அதிவிடயம் என்ற பெயரில் நாட்டு மருந்துக் கடைகளில் விற்பனையாகி வந்திருக்கிறது. இன்று தொட்டி வளர்ப்பவர்கள் பிளாஸ்டிக் குப்பியில் திசு வளர்ப்புச் செடியாக வாங்கும் இனம், இங்கே மருந்துக் கடை அலமாரியில் பல தலைமுறையாக இருந்திருக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை.

ஆயினும் புதியவருக்கு எளியது ஸ்பைராலிஸ் அல்ல. இலங்கைக்கே உரிய கிரிப்டோகோரைன் வெண்டிதான். நெதர்லாந்துத் தாவரவியலாளர் தெ வித் 1958-இல் பெயரிட்ட செடி. பச்சை, பழுப்பு, செம்பழுப்பு எனப் பல நிறங்களில் வருகிறது. இதைப் புதைத்து நட வேண்டும். இலைகள் ஒன்றுகூடும் குருத்து மட்டும் மணலுக்கு மேலே தெரிய வேண்டும். நட்ட ஒன்றிரண்டு வாரங்களில் இலைகள் கண்ணாடி போலத் தெளிந்து, கூழாகிக் கரையலாம். இந்த நேரத்தில்தான் பெரும்பாலோர் செடி செத்துவிட்டது என்று பிடுங்கி எறிகிறார்கள். எறியக் கூடாது. பண்ணைகளில் இதைத் தண்ணீருக்கு வெளியே, ஈரக்காற்றில் வளர்த்திருப்பார்கள். அந்த இலைகள் நீருக்கடியில் வேலைக்கு உதவாது என்பதால் செடியே அவற்றைக் கைவிடுகிறது. கரைந்த இலையை மட்டும் எடுத்துவிட்டு வேரை அசைக்காமல் விட்டால், மூன்று நான்கு வாரத்தில் நீருக்கேற்ற புதிய இலை வரும். அதன்பிறகு இடம் மாற்றக் கூடாது. மாற்றினால் மறுபடியும் கரையும். ஒரே இடத்தில் ஓராண்டு விட்ட வெண்டி, பக்கக் கன்றுகள் விட்டுத் தொட்டியின் ஒரு மூலையையே நிரப்பிவிடும்.

ஜாவா மாஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கல்லில் கட்டலாம், மிதக்க விடலாம். மீன்குஞ்சு ஒளிய இடமாகும். கோடையில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும் வீட்டில் அது வாடும். குமரி மாவட்டத்தின் மிதமான கோடையில் சென்னை வீடுகளில் உள்ள அளவுக்குச் சிக்கல் வராது.

வேலம்பாசியும் ஹார்ன்வோர்ட்டும் வேறு வேலைக்கானவை. இரண்டும் வேகமாக வளர்பவை. ஹார்ன்வோர்ட்டுக்கு வேரே கிடையாது, மிதந்தபடியே வளரும். புதுத் தொட்டியில் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அந்த இடைக்காலத்தில்தான் மீன்கள் காரணம் தெரியாமல் செத்து மிதக்கின்றன. வேகமாக வளரும் செடி ஒரு கொத்து இருந்தால் அம்மோனியாவை நேரே உறிஞ்சிக்கொள்ளும். அனுபியாஸ் அந்த வேலைக்கு மிகவும் மந்தம். அதனால் முதல் இரண்டு மாதம் ஹார்ன்வோர்ட்டை மிதக்கவிட்டு, நிழல்செடிகள் வேர்பிடித்தபின் குறைத்துக்கொள்வது நல்ல வழி. வேலம்பாசி மிகக் குறைந்த வெளிச்சத்திலும் பிழைக்கும். வெயிலில் நூற்றில் ஒரு பங்கு ஒளியே அதற்குப் போதும். ஹார்ன்வோர்ட்டோ வாலிஸ்னேரியாவோ உள்ள தொட்டியில் திரவக் கார்பன் என்று விற்கப்படும் மருந்தை ஊற்றக் கூடாது. அதிலுள்ள குளூட்டரால்டிஹைடு இந்தச் செடிகளைக் கருக்கிவிடும்.

கடையில் ஏமாறக் கூடாத செடிகள்

அக்வாரியக் கடைத் தொட்டிகளில் நீர்ச்செடியே அல்லாதவையும் விற்கின்றன. லக்கி பாம்பூ, டிரசீனா, ஸ்பைடர் பிளான்ட், மாண்டோ புல், ஊதா நிற ஹெமிகிராஃபிஸ் ஆகியவை தரைச்செடிகள். நீருக்கடியில் ஒருசில வாரம் முதல் இரண்டு மூன்று மாதம் வரை பச்சையாகவே நிற்கும். அதனால்தான் விற்க முடிகிறது. பிறகு அடியிலிருந்து அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். வாங்கியவர் தன் கை ராசி சரியில்லை என்று முடிவுகட்டிவிடுகிறார். இலையைத் தண்ணீருக்கு வெளியே தூக்கிப் பார்த்தால் ஓரளவு தெரியும். வாலிஸ்னேரியா, வேலம்பாசி போன்றவை துவண்டு விழும். தரைச்செடி விறைப்பாக நிற்கும். அனுபியாஸும் விறைப்பானது என்பதால் இந்தச் சோதனை மட்டும் போதாது. மேலே சொன்ன பெயர்களைத் தெரிந்து வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. படங்களில் தரைமுழுதும் புல்வெளி போலப் படரும் செடிகளும், செந்நிறச் செடிகளும் அனுபவம் வந்தபின் பார்த்துக்கொள்ள வேண்டியவை. அவற்றுக்கு வாயு உருளை, வலுவான விளக்கு, வாரா வாரம் உரம் எல்லாம் வேண்டும்.

வாங்கி வந்த செடியில் சுற்றியிருக்கும் ஈயப் பட்டையையும் பஞ்சையும் நீக்க வேண்டும். இளஞ்சிவப்பு நிறம் வரும் அளவுக்கு மட்டும் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைத்த நீரில் பத்து நிமிடம் வைத்து, நன்றாக அலசி நட்டால் பாசித் துகளும் சிறு பூச்சிகளும் பெருமளவு போய்விடும். நத்தை முட்டைகளை மட்டும் கண்ணால் தேடி விரலால் தேய்த்து எடுக்க வேண்டும்.

காலடி மண்ணே உரம்

மணல் விஷயத்தில் இரணியல்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் ஒரு நற்செய்தியும் உண்டு. பக்கத்துக் கடற்கரை மணலை அள்ளிவந்து தொட்டியில் போடக் கூடாது. அதில் உப்பும் சிப்பித் துகளும் உண்டு. சிப்பி கரையக் கரையத் தண்ணீரின் கடினம் ஏறும். மணவாளக்குறிச்சிக் கரையின் கருமணல் இல்மனைட், சிர்க்கான், தோரியம் கொண்ட மோனசைட் ஆகியவை கலந்த கனிம மணல். இந்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். ஆலை அங்கே இயங்குவதும் அதற்காகத்தான். வீட்டுத் தொட்டிக்கு அது வேண்டாம். சோளக்குருணை அளவுள்ள ஆற்றுமணலைத் தண்ணீர் தெளியும்வரை கழுவி, இரண்டு அங்குலத்துக்குக் குறையாமல் போடுவதே சரி.

நற்செய்தி செம்மண்ணில் இருக்கிறது. 1980-களில் ஜெர்மனியைச் சேர்ந்த காஸ்பார் ஹார்ஸ்ட், ஹார்ஸ்ட் கிப்பர் இருவரும் கிரிப்டோகோரைன் வளரும் வெப்பமண்டல ஓடைகளை ஆராய்ந்து, இரும்புச் சத்து மிகுந்த செம்புரை மண்ணைத் தொட்டியின் அடியில் இட வேண்டும் என்று எழுதினார்கள். அதன்பின் லேட்டரைட் தூள் டப்பாவில் அடைக்கப்பட்டு மேற்கு நாடுகளில் விற்பனைக்கு வந்தது. அதே வகை மண் இங்கே கிணறு தோண்டினால் கிடைக்கிறது. உரம் போடாத இடத்தில் ஓரடிக்குக் கீழே எடுத்த செம்மண்ணை வெயிலில் உலர்த்தி, சலித்து, அரையங்குலத்துக்கு மேல் போகாமல் அடியில் பரப்பி, அதன்மேல் மணல் மூடினால் கிரிப்டோகோரைனுக்கு ஓராண்டுக்கு வேறு இரும்பு உரம் தேவைப்படாது. இதைக் கிண்டிவிடக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. கல்லில் கட்டிய அனுபியாஸுக்கும் ஃபெர்னுக்கும் இந்த மண்ணால் பயனில்லை. அவை தண்ணீரிலிருந்தே சத்தை எடுப்பவை. மீன் தீவனமும் கழிவும் அவற்றுக்குத் தழைச்சத்தும் மணிச்சத்தும் தரும். மென்னீரில் சாம்பல்சத்து மட்டும் குறையும். பழைய இலைகளில் குண்டூசித் துளைகள் விழுவது அதன் அடையாளம். அப்போது நீர்ச்செடிகளுக்கான திரவ உரத்தைப் புட்டியில் சொன்ன அளவில் பாதி ஊற்றினால் போதும்.

இலைகளின் மேல் கரும்பாசி படிந்தால் உரத்தைக் குறை சொல்வதற்கு முன் விளக்கைப் பார்க்க வேண்டும். நாளுக்கு இரண்டு மணி நேரம் குறைத்து, வாரம் ஒருமுறை கால்பங்கு தண்ணீரை மாற்றி வந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். மீனுக்கு அளவுக்கு மீறித் தீவனம் போடுவதும் பாசிக்கு ஒரு காரணம்.

எடுக்கவும் வேண்டாம், விடவும் வேண்டாம்

கால்வாயிலும் குளத்திலும் வேலம்பாசி சும்மா கிடக்கும்போது ஏன் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. கோதையாறு பாசனத்தில் பேச்சிப்பாறைத் தண்ணீர் கன்னிப்பூ, கும்பப்பூ வயல்களையும் வாழைத் தோட்டங்களையும் கடந்து வருகிறது. அங்கே தெளிக்கும் பூச்சிமருந்து செடியோடு வரும். தட்டான் பூச்சியின் இளம்புழுவும் அட்டையும் வரும். தட்டான் புழு மீன்குஞ்சுகளை வேட்டையாடித் தின்னும். மலையோடைச் செடிகளைப் பிடுங்குவது இன்னும் பெரிய தவறு. கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் செடி எடுப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

மறுபக்கமும் உண்டு. தொட்டியில் மிஞ்சிய செடியை வாய்க்காலில் எறிவதுதான் உண்மையான ஆபத்து. நம் வேலம்பாசியே இதற்குச் சான்று. 1950-களின் தொடக்கத்தில் இலங்கையிலிருந்து அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குத் தொட்டிச் செடியாகப் போனது. அங்கே நீர்நிலைகளில் புகுந்து, ஆண்டுதோறும் பெரும்பணம் செலவிட்டு அகற்றும் களையாகிவிட்டது. எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. 1939-இல் கொழும்பில் கல்லூரித் தாவரவியல் துறைக்குக் கொண்டுவந்த சால்வீனியா, இலங்கை நெல்வயல்களை மூடியது. கேரளக் காயல்களையும் வயல்களையும் திணறடித்ததும் அதே செடிதான். 2020-இல் கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிரா அருகே ஆவளபாண்டியில் நீர்ப்பரப்பு முழுவதும் இளஞ்சிவப்பாகப் பூத்ததைப் பார்க்கக் கூட்டம் திரண்டது. பூத்தது தென்னமெரிக்காவின் கபோம்பா. மீன் தொட்டிகளுக்காக உலகமெங்கும் விற்கப்படும் செடி. குமரி மாவட்டத்துக் குளங்களை ஆகாயத்தாமரை ஏற்கெனவே மூடிக்கொண்டிருக்கிறது. 2022-இல் ராம்சர் தளமாக அறிவிக்கப்பட்ட சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. இன்னொரு அன்னியச் செடியை அந்த நீர்நிலைகள் தாங்காது.

எனவே வெட்டிய தழையையும் வேண்டாத செடியையும் முற்றத்தில் நன்றாக வெயிலில் உலர்த்தித் தென்னந்தூரில் உரமாகப் போடுங்கள். தொட்டியைக் கழுவிய தண்ணீரையும் தோட்டத்துக்கே ஊற்றுங்கள். வள்ளியாற்றிலோ பாசன வாய்க்காலிலோ ஒரு துண்டுச் செடியும் போய்ச் சேர வேண்டாம்.